ஒரே சட்டை அணிந்தோர் கைகலப்பதோ?

கால்பந்தாட்டத்தில் எதிரணியாரோடு மோதல் நேர்ந்தால் அதற்கு நடுவர் இருக்கிறார், விதி இருக்கிறது, ஊதல் இருக்கிறது. ஒரே அணியில் ஆடும் இருவர் தம்முள் மோதிக்கொண்டால் அதனைத் தீர்ப்பவர் யார்? எவ்வளவு தூரம் அதனைப் பொறுக்கலாம்? எந்த இடத்தில், "இதற்கு மேல் ஓரடியும் வைக்காதே" என்று கோடு கிழிக்க வேண்டும்? நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் பிள்ளைகள் பந்தாடுகின்றனர். ஞாயிறு மாலை வீங்கிய உதட்டோடு வீடு திரும்பும் மகனை நோக்கி, "அடிச்சது யாரு மக்களே?" என்று தாய் வினவ, "நம்ம டீம்காரன்தான்" என்று விடை வருமானால், அவ்வீட்டில் அடுத்துப் பேசப்பட வேண்டியது யாது என்பது குறித்தே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

எல்லையோரத்து ஆடுகளங்கள்

முதற்கண் நாம் வாழும் பகுதியைப் பற்றிச் சில சொற்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று முதல் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை ஓடுகிறது. எனினும் பேச்சும் சந்தையும் திருமணமும் அக்கோட்டைக் கண்டு நின்றுவிடவில்லை. பாலராமபுரத்துத் தறிகளில் நெய்வோரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை திறந்த பின்னர், நம் போன்ற ரயில்வே ஊழியரும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தனர்.

இப்பக்கத்துக் கடற்கரையில் பொழியூரும், அப்பக்கத்தில் நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர் முதலிய ஊர்களும் கால்பந்துக்குப் பெயர் பெற்றவை. சந்தோஷ் கோப்பைப் போட்டிக்குப் பொழியூர் கேரள அணிக்கு ஆட்டக்காரரை அளித்தது. தூத்தூர்க் கரை தமிழ்நாட்டு அணிக்கு அளித்தது. இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்களில் பெயர் பெற்ற மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையில் பிறந்தவரே. உள்நாட்டு ஊர்களிலும் தென்னந்தோப்புக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் இடையே கிடைக்கும் செம்மண் திடலில் பிள்ளைகள் ஆடாத மாலை இல்லை. அத்திடல்களில் சேரும் அணி பெரும்பாலும் கலப்பு அணி. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை பின்களத்தில் நிற்பான். மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளை கோல் காப்பான். இருவரும் ஒரே நிறச் சட்டை அணிந்திருப்பர். ஆகவே நம் ஊர்களில் ஓர் அணிக்குள் எழும் சண்டை வேறிடத்துச் சண்டையைவிடச் சிறிது கூடுதலாக அஞ்சத்தக்கது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

சினம் முழுவதும் தீமையன்று

சண்டை எவ்வாறு தொடங்குகிறது? பந்தைத் தனக்குத் தரவில்லை என்பதில் தொடங்கும். அல்லது ஒருவன் காவலை விட்டு நகர்ந்ததால் கோல் விழுந்தது என்பதில் தொடங்கும். ஏறத்தாழ எல்லாச் சண்டைக்கும் இவ்விரண்டில் ஒன்றே வித்து.

ஆயினும் ஆடுகளத்தில் குரல் உயர்வதையே குற்றம் என்று கூறிவிட இயலாது. கோல் காப்பவன் பின்னிருந்து முழுக்களத்தையும் பார்க்கிறான். "பின்னால ஆளு வாறான்", "இடப்பக்கம் போ" என்று அவன் கத்தாவிட்டால் முன்னே நிற்பவனுக்குத் தெரியாது. அவ்வாறு கத்தும்போது மரியாதைச் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. "பந்த ஏன்லே தரல்ல?" என்று ஒருவன் கேட்பதும், "நீ எங்கலே நின்னே?" என்று மற்றவன் திருப்பிக் கேட்பதும் ஆட்டத்தின் பகுதியே. வாய் திறவாத அணி பெரும்பாலும் தோற்கும் அணி. பிழையைச் சுட்டிக் காட்டாத தோழமையால் யாருக்கும் பயனில்லை.

இந்தியன் சூப்பர் லீக் 2024–25ஆம் ஆண்டுப் போட்டியில், கேரள பிளாஸ்டர்ஸ் அணித்தலைவர் அட்ரியன் லூனாவும் அவ்வணியின் முன்கள ஆட்டக்காரர் நோவா சதாவியும் களத்திலேயே முகத்துக்கு முகம் நின்று வாதிட்டதை நம் வாசகருள் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். உடன் ஆடியோர் இடையில் புகுந்து விலக்கினர். அதனைக் கண்ட அளவிலேயே, "அணி உடைந்தது" என்று கூறிவிடுதல் பொருந்தாது. இடையில் புகுந்து விலக்குவதற்கு ஆட்கள் இருக்கும் வரையில் அணி உயிரோடுதான் இருக்கிறது. விலக்க ஒருவரும் வாராத நாளன்றோ அஞ்சத்தக்க நாள்!

விதி என்ன சொல்கிறது?

அடிதடி என்றால் எதிரணியானை அடிப்பது மட்டுமே என்று நம் பிள்ளைகள் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கால்பந்தாட்ட விதிகளுள் பன்னிரண்டாவது விதி, வன்முறை என்பதை எதிரணியாருக்கு மட்டுமன்றித் தன் அணியானுக்கும், நடுவருக்கும், பார்வையாளருக்கும், வேறு எவருக்கும் எதிராகச் செய்யினும் வன்முறையே என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அடி பட்டதா, படவில்லையா என்பதும் கணக்கில்லை. அளவுகடந்த வேகத்தோடு அடிக்க முயன்றாலே போதும். அதற்குரிய தண்டனை சிவப்பு அட்டை. இழிவான வசைச்சொல்லுக்கும் அதே அட்டைதான்.

இன்னொன்றையும் பலர் அறியார். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஒருவன் களத்துக்குள் தன் அணியானையே அடித்தால், எதிரணிக்கு நேரடி பிரீ கிக் வழங்கப்படும். அடித்த இடம் தன் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி எல்லைக்குள் ஆயின், எதிரணிக்குப் பெனால்டியே கிடைக்கும். எதிரி ஒன்றும் செய்யாமலே அவனுக்குக் கோல் அடிக்கும் வாய்ப்பை நாம் தட்டில் வைத்துத் தருகிறோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்ற பழமொழி, விதிப்புத்தகத்தில் இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்க.

ரயில்வேயில் பணியாற்றும் நமக்கு இவ்விதி புதிதாகத் தோன்றவில்லை. சிவப்பு விளக்கைக் கடந்து வண்டியைச் செலுத்திய ஓட்டுநர், "சிறிது தூரமே கடந்தேன், ஒன்றும் நேரவில்லையே" என்று கூறித் தப்ப முடியாது. கடந்தது கடந்ததுதான். கை ஓங்கியவன், "படவில்லையே" என்பதும் அத்தகையதே.

உலக அரங்கில் நடந்தவை

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் அணி தன் சொந்தத் திடலில் ஆஸ்டன் வில்லா அணியோடு ஆடியது. நியூகாசிலின் ஸ்டீவன் டெய்லர் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார். அணி தோல்வியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அப்பொழுது லீ போயர், கீரன் டையர் என்னும் அவ்வணி ஆட்டக்காரர் இருவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு அடித்துக்கொண்டனர். தமக்குப் பந்து தரவில்லை என்பது போயரின் குறை. விலக்க ஓடி வந்தோருள் எதிரணியைச் சேர்ந்த கேரத் பாரியும் ஒருவர். தன் வீட்டுச் சண்டையை விலக்க அயல்வீட்டார் வந்த கதை அது. இருவருக்கும் சிவப்பு அட்டை. நியூகாசில் எட்டுப் பேரோடு ஆட்டத்தை முடித்து 3–0 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் மேலாளர் கிரேம் சூனஸ் இருவரையும் தம்மருகே அமர்த்திச் செய்தியாளர் முன் மன்னிப்புக் கேட்கச் செய்தார். போயருக்குக் கழகம் ஆறு வாரச் சம்பளத்தை அபராதமாக விதித்தது. 2006இல் நீதிமன்றமும் அவருக்கு அபராதம் விதித்தது. ஆடுகளத்துக் கோடு நாட்டின் சட்டத்துக்கு வேலி ஆகாது என்பதை நம் இளைஞர் இதனால் அறிதல் வேண்டும்.

1995ஆம் ஆண்டு நவம்பரில் மாஸ்கோ நகரில் நடந்தது வேறொரு வகை. ஸ்பார்டக் அணியோடு ஆடிய பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியின் கிரேம் லே சோவும் டேவிட் பாட்டியும் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொண்டனர். சொல் முற்றி, லே சோ குத்து விட்டார். முறிந்தது அவர் கையே! பிளாக்பர்ன் அன்று 3–0 எனத் தோற்றது.

2008ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் வெஸ்ட் ஹாம் அணியோடு ஆடிய ஸ்டோக் சிட்டி அணி முதலில் முன்னணியில் இருந்தது. எதிரணி கோல் அடித்துச் சமன் செய்தது. பழி யாருடையது என்ற வாதத்தில், முன்கள ஆட்டக்காரர் ரிக்கார்டோ புல்லர் தம் அணித்தலைவர் ஆன்டி கிரிபினின் கன்னத்தில் அறைந்தார், வெளியேற்றப்பட்டார். ஸ்டோக் 2–1 எனத் தோற்றது. சமநிலையில் நின்ற ஆட்டம் ஓர் அறையால் சாய்ந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இவற்றைக் கண்டு, "அடித்துக்கொண்டால் தோற்போம், ஆகவே அடிக்காதீர்" என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் அவ்வறிவுரை போதாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் மான்செஸ்டர் யுனைடெட் அணியோடு ஆடிய எவர்ட்டன் அணியில், இத்ரிசா கேயே தம் அணியான் மைக்கேல் கீனின் முகத்தில் அறைந்து 13ஆம் நிமிடத்திலேயே வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பத்துப் பேர் ஆடி 1–0 என வென்றனர். கேயே பின்னர் மன்னிப்புக் கேட்டார். மேலாளர் டேவிட் மோயஸோ, பிழை செய்தவனைத் தட்டிக் கேட்கும் ஆட்டக்காரர் இருப்பது தமக்கு உவப்பே என்னும் கருத்துப்படப் பேசினார்.

வென்றதனால் அந்த அறை சரியாகிவிடுமா? ஆகாது. பத்துப் பேரும் எண்பது நிமிடங்களுக்கு ஓடித் தீர்த்தது ஒருவரின் கை செய்த கடனை. கோடு எங்கே என்பதை ஆட்ட முடிவைக் கொண்டு அளக்கலாகாது என்பதற்கே இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினோம்.

கோடு எங்கே?

நம் கருத்தில் கோடு ஒன்றன்று, இரண்டு. முதற்கோடு கையைப் பற்றியது. குரல் உயரலாம், விரல் நீட்டிப் பேசலாம், கை மற்றவன் உடல்மேல் சினத்தோடு படலாகாது. தள்ளுவது சிறிது, அறைவது பெரிது என்று தண்டனையில் வேறுபாடு இருக்கலாம். 1993இல் லிவர்பூல் அணியின் கோல் காவலர் புரூஸ் குரோபலாரும் இளைஞர் ஸ்டீவ் மக்மனமனும் கோல் விழுந்த ஆத்திரத்தில் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டனர். பின்னர் ஆட்டம் தொடர்ந்தது. அதனைப் போயர், டையர் சண்டையோடு ஒரே தராசில் நிறுத்தல் நீதியன்று. எனினும் இரண்டும் கோட்டுக்கு அப்பாற்பட்டவையே.

இரண்டாவது கோடு நாவைப் பற்றியது. எல்லையோர ஊர்களில் வாழும் நமக்கு இதுவே பெரிது. "நீ பந்தை விட்டுவிட்டாய்" என்பது ஆட்டத்தைப் பற்றிய சொல். "நீ பாண்டி, உனக்கு இவ்வளவுதான் தெரியும்" என்பது பிறப்பைப் பற்றிய சொல். "வரத்தன்" என்று ஏசுவதும் அதுவே. நம் வீட்டுப் பிள்ளை மலையாளப் பிள்ளையை அவன் மொழியையோ சாதியையோ மதத்தையோ கூட்டி ஏசினாலும் அதுவே. தாயை இழுத்துப் பேசினாலும் அதுவே. பந்தைப் பற்றிய சினத்துக்கு அடுத்த பந்தில் மருந்து உண்டு. பிழை செய்தவன் திருத்திக்கொள்ளலாம். பிறப்பைப் பற்றி ஏசப்பட்டவன் எதனைத் திருத்துவான்?

நாம் இத்திடல்களில் பலமுறை கண்டது இது: பந்து தராமையில் தொடங்கும் வாதம், மூன்றாவது நான்காவது சொல்லிலேயே மொழிக்குத் தாவிவிடும். அதன்பின் பந்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கரையில் நிற்போர் இரு பக்கமாகப் பிரிவர். அடுத்த வாரம் தமிழ்ப் பிள்ளைகள் தனி அணி, மலையாளப் பிள்ளைகள் தனி அணி என்றாகும். பின்பு அவ்விரு அணிகளும் மோதும் ஆட்டத்தில் ஆட்டம் எங்கே இருக்கும்? ஓர் அணிக்குள் எழும் சண்டை நம் ஊரில் கூடுதலாக அஞ்சத்தக்கது என்று முன்னர்க் கூறியது இதனாலேயே.

கலப்பு அணி நடவாத காரியமன்று. 1973இல் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்ற இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்றது நம் ரயில்வே அணி. அணித்தலைவர் மணி அடித்த மூன்று கோல்களால் கேரளம் 3–2 என வென்றது. தோற்றது ரயில்வே ஆயினும், நாட்டின் பல பகுதியினரும் பல மொழியினரும் ஒரு சட்டை அணிந்து இறுதியாட்டம் வரை வந்த அணி அது.

"அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதில்லையா?"

நம் கருத்துக்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. "அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதில்லையா? களத்தில் அடித்துக்கொள்வான், மாலையில் ஒன்றாகச் சாயா குடிப்பான். நீர் ஏன் இதனைப் பெரிதாக்குகிறீர்?" என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் இரவில் ஒரே கூரையின் கீழ்ச் சோறு உண்பர்; இடையில் தாய் இருப்பாள். அணித்தோழர் இருவர் ஆட்டம் முடிந்ததும் வெவ்வேறு வீட்டுக்குச் செல்கின்றனர். ஒரு வீட்டில் ஒரு மொழியிலும் மறுவீட்டில் மறுமொழியிலும் அச்சண்டை மறுபடி சொல்லப்படுகிறது. சொல்லச் சொல்லப் பெரிதாகிறது.

பெற்றோருக்கு

குடியேறி வந்த குடும்பங்களில் இரு பழக்கங்களைக் காண்கிறோம். ஒன்று, "நமக்கு ஏன் வம்பு? பொறுத்துப் போ, இல்லையேல் ஆட்டத்தை விட்டுவிடு" என்பது. மற்றொன்று, தந்தை நால்வரைக் கூட்டிக்கொண்டு திடலுக்குச் செல்வது. முதலாவதால் அடிபட்ட பிள்ளை, அடித்தவன் இருக்கத் தான் மட்டும் விலக்கப்பட்டதாக எண்ணி மனம் குன்றுவான். இரண்டாவதால் பிள்ளைகளின் சண்டை பெரியோரின் பகையாகும். இரண்டும் வேண்டா.

முதலில், "சண்டை எதில் தொடங்கியது? யார் என்ன சொன்னான்? நீ என்ன சொன்னாய்?" என்று மூன்று வினாக்களையும் பொறுமையாகக் கேளுங்கள். மூன்றாவது வினாவை விட்டுவிடாதீர்கள். காயம் பெரிதாயின் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னர் அணித்தலைவரிடமும் பயிற்சியாளரிடமும் தந்தையோ தாயோ தனியே சென்று பேசுங்கள். அடித்த பையனின் பெற்றோரையும் அவ்விடத்துக்கே அழைக்கச் சொல்லுங்கள். மகனை ஆட்டத்திலிருந்து நிறுத்துவது கடைசி வழியாக இருக்கட்டும்.

அணிகளுக்கு

ஊர் அணிகளை நடத்துவோர், கோடைப் போட்டிகள் தொடங்குமுன் பின்வருவனவற்றை எல்லா ஆட்டக்காரருக்கும் இரு மொழியிலும் வாசித்துக் காட்டுதல் நலம்.

முதலாவது, சினத்தோடு கை ஓங்கியவனை நடுவர் காணாவிடினும் அணியே அன்றைய ஆட்டத்திலிருந்து இறக்கிவிட வேண்டும். அடி விழுந்தால் அடுத்த மூன்று ஆட்டங்களிலும் அவன் கரையில் அமர வேண்டும். திருப்பி அடித்தவனுக்கும் தண்டனை உண்டு. விலகி நின்றவனை எவரும் கோழை என்று ஏசலாகாது.

இரண்டாவது, பிறப்பு, மொழி, சாதி, மதம், தாய் ஆகியவற்றைக் கூட்டி ஏசும் சொல்லை அடியாகவே கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, கோல் அடித்துத் தருபவனுக்கு ஒரு நீதி, மாற்று ஆட்டக்காரனுக்கு ஒரு நீதி கூடாது. இங்கேதான் பெரும்பாலான அணிகள் வழுக்கி விழுகின்றன. இறுதியாட்டம் வரும் வாரத்தில் முதன்மை ஆட்டக்காரன் அடித்துவிட்டால், "அடுத்த முறை பார்த்துக்கொள்வோம்" என்பர். அன்று அடிபட்டவன் அதனை ஆயுளுக்கும் மறவான்.

நான்காவது, அன்றிரவு கழியுமுன் அணித்தலைவர் இருவரையும் அமர்த்தி, ஒருவர் பேச மற்றவர் கேட்கச் செய்ய வேண்டும். பந்தைப் பற்றிய குறை உண்மையாயின் அதனையும் அங்கேயே தீர்க்க வேண்டும். தண்டித்துவிட்டுக் குறையைக் கேளாதிருந்தால் அதே சண்டை மறுவாரம் திரும்பி வரும்.

வள்ளுவர் வெகுளாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். வெகுளியே கொள்ளாதவன் பந்தாட வருவது அரிது. அதனை நாம் எதிர்பார்க்கவும் இல்லை. நாம் வேண்டுவது சிறிது: சினம் பந்தோடு நிற்கட்டும்; ஆளை நோக்கித் திரும்பலாகாது. இது குறித்து மாற்றுக் கருத்துடைய அன்பர்கள், சிறப்பாக அணிகளை நடத்துவோரும் ஆடும் பிள்ளைகளும், சங்கத்துக்கு எழுதுவாராக. மூன்று ஆட்டத் தடை மிகுதி என்போரும், போதாது என்போரும் தம் காரணத்தைக் கூறட்டும். இவ்வேடு அவற்றையும் வெளியிடக் கடமைப்பட்டுள்ளது.